கீழவாசலுக்கு வந்த வெள்ளைக்காரத் துப்பறிவாளர்

போன மாதம் கேபிள் கம்பெனியிலிருந்து நான் ஓய்வு பெற்றேன். கம்பெனி என்றால் இப்போது இன்டர்நெட் கம்பெனி. கேபிள் என்று சொன்னால் அங்கே இருக்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வழியனுப்பு விழாவில் கேக்கை வெட்டி முடித்ததும் பிரியா என்கிற பெண் தன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் ஏதோ ஆங்கிலத் தொடர். ஆனால் வெள்ளைக்காரர்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மிஷினே பேசுதுக்கா. வாயசைவுக்குக்கூட பொருந்துது பாருங்க."

பார்த்தேன். மீசை வைத்த ஒருவன் செத்துக் கிடந்தவரின் மனைவியிடம், "நான் உங்கள் இழப்புக்கு மிகவும் மன்னிப்பாக இருக்கிறேன்" என்றான். வாயசைவு பொருந்தியது, வாஸ்தவம்தான். எங்கள் பழைய முதலாளி சார் இதைக் கேட்டிருந்தால் ஹெட்ஃபோனைக் கழற்றி ஜன்னல் வழியாக வீசியிருப்பார்.

"நீங்கல்லாம் அந்தக் காலத்துல எப்படிக்கா பண்ணீங்க?" என்று பிரியா கேட்டாள்.

"படத்தைப் பாக்காமலே பண்ணோம்" என்றேன்.

அவள் நம்பவில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் நம்பவில்லை. வயதான பொம்பளை கதை விடுகிறாள் என்பதுபோல ஒரு புன்னகை. அந்தப் புன்னகைக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமம். நெல் விவசாயம், ஒரு அண்ணன் சிங்கப்பூரில் வெல்டிங் வேலை. பிளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்துவிட்டுச் சும்மா இருந்தேன். தஞ்சாவூர் கீழவாசலில் கேபிள் டிவி நடத்துகிற சத்தியநாதன் சார் ஆபீசில் ஃபோன் எடுக்க ஆள் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அப்பா யோசித்தார். சார் சர்ச்சுக்குப் போகிற குடும்பஸ்தர், அவர் வீட்டம்மாவும் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு பஸ் ஏற்றிவிட்டார். "படம் தெரியலை", "ரெண்டாம் நம்பர்ல கோடு கோடா வருது", "லைன்மேன் தென்னை மரத்துல ஏறி இளநியைப் பறிச்சிட்டான்" என்று வரும் புகார்களைக் கேட்பதுதான் என் முதல் வேலை. ஒயரைப் பிடிக்கவும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரைத் திருகவும் அதற்குப் பிறகு நானாகவே கற்றுக்கொண்டேன். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

சத்தியநாதன் சார் முன்பு ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ஊரில் டிஷ் வந்த புதிதில் தன் மாடியில் ஒன்றைத் தூக்கி நிறுத்தி, கீழவாசலிலிருந்து மானம்புச்சாவடி வரை ஒயர் இழுத்துவிட்டார். தினமும் முழுக்கைச் சட்டை, இஸ்திரி கலையாமல். மைக் முன்னால் உட்காருவதற்கு முன் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பார். பிறகு கைக்குட்டையை நாலாக மடித்து மைக்கில் சுற்றுவார். மைக்கில் பேசும்போது அவர் குரல் தேன். மைக்கை அணைத்துவிட்டால் மிளகாய். லைன்மேன்களை அவர் திட்டுவது கொண்டிராஜபாளையம் வரை கேட்கும் என்பார்கள். ஆனால் மைக் விளக்கு சிவப்பாக எரிகிறவரை, தலைமேல் இடி விழுந்தாலும் அவர் குரல் உயராது. "வீட்டுக்குள்ள போயி பேசறோம்மா. அடுத்தவங்க கூடத்துல உக்காந்துகிட்டு கத்தலாமா?" என்பார்.

அவருடைய ஒரே மகன் எட்வின். அப்பாவின் ரிப்பேர் மேஜையிலேயே வளர்ந்தவன். ஆஸ்பத்திரி இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலைக்கு இங்கிலாந்து போயிருந்தான். அந்த நாட்களில் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரோ துபாயோ கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எஸ்.டி.டி. பூத்துகளில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சைவிட அதிகக் கூட்டம் இருக்கும். எட்வின் அங்கே டிவியில் வந்த ஒரு துப்பறியும் தொடரை வீடியோ கேசட்டில் பதிவு செய்து அப்பாவுக்கு அனுப்பினான். அமெரிக்காவிலிருந்து வரும் கேசட் நம் ஊர் டெக்கில் போட்டால் படம் உருளும். இங்கிலாந்து கேசட் உருளாது. அவர்கள் டிவி முறையும் நம் முறையும் ஒன்று. சார் தனியாக உட்கார்ந்து பார்த்து வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார். அவர் மனைவி கிரேஸ் அம்மா, "நீங்க மட்டும் சிரிச்சா ஆச்சா? எங்களுக்கும் சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?" என்றாராம். அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் எங்கள் தொடர் பிறந்தது. இதற்கெல்லாம் உரிமை வாங்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை.

தொடரின் நாயகர் ஒரு பியானோ ரிப்பேர்காரர். குண்டு மனிதர், பயந்த சுபாவம். வீடு வீடாகப் போய் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பார். போகிற வீட்டிலெல்லாம் ஏதாவது களவு போயிருக்கும். முத்து மாலை, ஓவியம், பரிசு வாங்கிய பன்றி, ஒரு தடவை சர்ச் மணியே காணாமல் போனது. அவருக்குப் பால் வண்டி ஓட்டுகிற ஒரு கொழுந்தியாள். வாய் ஓயாமல் அவரைத் திட்டுவாள், ஆனால் பாதித் துப்பு அவள்தான் கண்டுபிடிப்பாள். கொலை அபூர்வம். இரத்தம் கிடையாது. குற்றவாளி பிடிபட்டதும் எல்லாரும் டீ குடிப்பார்கள். சார் அதற்கு 'சுருதி ஐயா' என்று பெயர் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஒயர் போன தெருக்களில் பிள்ளைகள் விளையாடமாட்டார்கள்.

இப்போது வேலை முறையைச் சொல்கிறேன். ஒரு டெக்கில் கேசட். மிக்ஸரில் ஆங்கிலச் சத்தத்தை நான் தாழ்த்துவேன். சார் ஹெட்ஃபோனில் ஆங்கிலத்தைக் கேட்டு, ஆண்களின் பேச்சை அப்படியே மைக்கில் தமிழில் சொல்வார். பெண் குரலும் குழந்தைக் குரலும் என்னுடையவை. எனக்கு அப்போது அந்த ஆங்கிலம் பிடிபடாது. அதனால் எங்களுக்கு நடுவில் ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டு இருக்கும். பெண் பேச ஆரம்பித்தால் சார் அதில் ரெண்டே வார்த்தை கிறுக்குவார். 'சாவி - நீயா?' என்று இருந்தால், "அடப்பாவி, சாவியை நீதானா எடுத்தே?" என்று நான் விரித்துக்கொள்ள வேண்டும். ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து என் தாவணி முழுக்கச் சாக்பீஸ் மாவு.

இதெல்லாம் நேரடி ஒளிபரப்பு. இந்த இடத்தில்தான் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். கேசட்டை முன்கூட்டியே பார்க்கக் கூடாது என்பது சாருடைய சட்டம். முதல் வாரம் அவர் அதை ஏற்கெனவே பார்த்திருந்தார் இல்லையா? அதில் குற்றவாளி ஒரு சாது போன்ற பாதிரியார். சார் தன்னை அறியாமல் பாதிரியார் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்ட முதல் வசனத்திலேயே வில்லன் குரல் கொடுத்துவிட்டார். முதல் விளம்பரம் வந்ததுமே கீழவாசல் டீக்கடையிலிருந்து ஃபோன். "சார், அங்கிக்காரன்தானே எடுத்தான்? இங்க வடை பந்தயம் கட்டியிருக்கோம்." சார் அவமானத்தில் அன்று ராத்திரி சாப்பிடவில்லையாம். திங்கட்கிழமை வந்ததும் சொன்னார்: "நமக்குத் தெரிஞ்சா குரல்ல தெரிஞ்சுடும். இனிமே ஜனங்க பாக்கும்போதுதான் நாமளும் பாக்கறோம்." கேசட் பார்சல் பிரிக்காமலே அவர் மேஜை இழுப்பறையில் ஞாயிறு வரை பூட்டிக் கிடக்கும்.

அதனால் வந்த கூத்துகளுக்குக் கணக்கில்லை. எங்கள் ஜனங்களுக்கு வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரித் தெரிந்தார்கள். பெயர்களோ நாக்கில் நிற்காது. ஆகவே சார் ஆடையை வைத்துப் பெயர் சூட்டினார். பச்சைக் கோட்டு, சிவப்புத் தொப்பி, ஊதா ஸ்வெட்டர். ஒரு வாரம் கதை சுவாரசியமாகப் போய்க்கொண்டிருந்தபோது பச்சைக் கோட்டுக்காரர் வீட்டுக்குள் வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். அதே கோட்டை வேறொருவர் எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். களவே அந்தக் கோட்டை வைத்துத்தான் நடக்கிறது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? சார் புதிய ஆளையும் "பச்சைக் கோட்டு" என்றே அழைத்தார். சுருதி ஐயா கடைசியில் ஒருவரைக் கைகாட்டியபோது ஊரே இன்னொருவரை ஜெயிலில் போட்டுவிட்டது. மறுநாள் ஃபோன் மேல் ஃபோன். "சார், நல்லவனைப் புடிச்சுட்டீங்க!" அடுத்த ஞாயிறு, சார் மைக்கில் மரியாதையாக ஒரு திருத்தம் வாசித்தார்: "சென்ற வாரம் கைது செய்யப்பட்டவர் நாம் சொன்னவர் அல்லர். அவருடைய குடும்பத்தார் வருந்த வேண்டாம்." அந்தக் குடும்பத்தார் எங்கேயோ இங்கிலாந்தில் இருந்தார்கள்.

கரண்ட் போவது இன்னொரு தலைவலி. எங்களிடம் ஜெனரேட்டர் உண்டு, வீடுகளில் இல்லை. சரியாகக் குற்றவாளியைச் சொல்லும் நேரத்தில் ஒரு பக்கம் இருண்டுவிடும். தொடர் முடிந்ததும் அந்தப் பக்கத்து ஜனங்கள் ஃபோன் செய்வார்கள், நான் அவர்களுக்கு மிச்சக் கதையைச் சொல்ல வேண்டும். பூக்காரத் தெருவில் ஒரு ரிட்டயர்டு தாசில்தார் வீட்டில் ஸ்பீக்கர் ஃபோன் இருந்தது. கரண்ட் போனால் அந்தத் தெருவே அவர் கூடத்தில் கூடிவிடும். நான் பால்காரக் கொழுந்தியாள் குரலிலேயே சொல்ல வேண்டும் என்று கட்டளை வேறு.

எல்லாம் முடிந்ததும் சார் டெக்கை நிறுத்தமாட்டார். தொடர் முடிந்தபின் அந்த நாட்டு வானிலை அறிக்கை கொஞ்சம் கேசட்டில் பதிவாகியிருக்கும். எட்வின் அதை வெட்டமாட்டான். வானிலைக்கு மட்டும் தமிழ் கிடையாது. சார் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, மேகமும் மழையும் ஒட்டிய அந்த வரைபடத்தைக் கண் கொட்டாமல் பார்ப்பார். மகன் இருக்கும் ஊரின் பக்கம் மேகப் படம் இருந்தால் "ஸ்வெட்டர் போட்டிருப்பானா?" என்று முணுமுணுப்பார். அவர் பார்ப்பதால் ஊரும் பார்த்தது. ஆற்றில் தண்ணீர் வராத ஒரு வருஷம், ஆபீசுக்கு வந்து அதைப் பார்த்த எங்கள் கிராமத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம், "வேண்டாதவன் ஊர்லயெல்லாம் கொட்டுது பாரு. இங்க நாத்தாங்கால் வெடிச்சுக் கெடக்கு" என்று அந்த வானிலை அறிவிப்பாளரையே திட்டினார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

எட்வினுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு நல்ல குடும்பம், ஆசிரியை வேலை. சார் ஆபீஸ் ஃபோனிலிருந்து மகனை அழைத்தார். நான் எதிர் மேஜையில் இருந்தேன். எட்வின் அங்கே ஏதோ சொன்னான். சாரின் கழுத்து நரம்பு புடைத்தது. தன்னோடு வேலை செய்கிற நர்ஸ் ஒருத்தியை, அந்த நாட்டுப் பெண்ணை, கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

"என்னைக் கேக்காம முடிவு பண்ணிட்டேல்ல? அப்ப என்னைக் கேக்காமலே இருந்துக்க. இந்த ஊர்ப் பக்கம் வராதே!"

ரிசீவரை வைத்த வேகத்தில் ஃபோனின் மூலை உடைந்தது. மைக் விளக்கு அப்போது எரியவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பிறகு கடிதம் இல்லை, ஃபோன் இல்லை. கிரேஸ் அம்மா தாமாக எழுதலாம்தான். ஆனால் புருஷன் சொல்லாமல் எழுதமாட்டேன் என்று ஒரு வீம்பு, எழுதச் சொல்லமாட்டேன் என்று இவருக்கு ஒரு வீம்பு. நடுவில் நான். வருஷங்கள் ஓடின. சரசரவென்று ஓடவில்லை, இழுத்து இழுத்து ஓடின. ஆனால் கேசட் மட்டும் நிற்கவில்லை. சுருதி ஐயா புதுக் கதை அங்கே ஒளிபரப்பானால் இங்கே பார்சல் வந்துவிடும். மேலே எட்வின் கையெழுத்தில் முகவரி. உள்ளே கேசட். வேறு ஒன்றும் இருக்காது.

பார்சல் வந்த சேதி தெரிந்தால் கிரேஸ் அம்மா சாருக்குத் தெரியாமல் எனக்கு ஃபோன் செய்வார். "செந்தாமரை, உள்ள துண்டுச் சீட்டு ஏதாச்சும் இருக்காம்மா?"

"பிரிச்சாதானேம்மா தெரியும். சார் பூட்டி வச்சிருக்காங்க."

"ஞாயித்துக்கிழமை பாத்துச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை பார்ப்பேன். அட்டையை உதறுவேன், உறைக்குள் விரலை விடுவேன். இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டும். அந்த அம்மா "சரி, போகட்டும். இன்னிக்கு என்ன களவு?" என்று பேச்சை மாற்றிவிடுவார். இந்த அப்பாவும் மகனும் மறுபடி பேசிக்கொள்வார்களா என்பதுதான் எனக்கும் அந்த அம்மாவுக்கும் ஒவ்வொரு வாரமும் பெரிய கேள்வி. முத்து மாலையை யார் எடுத்தால் எங்களுக்கு என்ன?

அதற்குள் தமிழ்ச் சேனல்கள் வந்துவிட்டன. அழுகைத் தொடர்கள் வரிசை கட்டி நின்றன. ஊரில் பாதி அந்தப் பக்கம் போய்விட்டது. எட்வின் அனுப்பிய ஒரு பார்சலின் மேல், முகவரிக்குக் கீழே, கடைசிக் கதை என்று எழுதியிருந்தது. அங்கேயே சுருதி ஐயா முடிந்துவிட்டார். இது போனால் இனி பார்சல் வராது. சார் அதைப் படித்துவிட்டு இழுப்பறையில் வைத்தார். சாவியைத் திருப்பிவிட்டு, பூட்டியிருக்கிறதா என்று ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

கடைசிக் கதையில் ஒரு பியானோவே காணாமல் போயிருந்தது. அந்த ஞாயிறு, விட்டுப்போன ஜனங்களும் திரும்பி வந்திருந்தார்கள். டீக்கடையில் பெஞ்சு போதாமல் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருந்தார்களாம். சார் அன்று பிரமாதமாகப் பேசினார். சுருதி ஐயா பயந்து பயந்து கிணற்றை எட்டிப் பார்த்த இடத்தில், என் சிரிப்பு மைக்கில் கேட்டுவிட்டது. குற்றவாளி பிடிபட்டான், எல்லாரும் டீ குடித்தார்கள், கொழுந்தியாள் கடைசியாக ஒரு முறை திட்டினாள், பால் வண்டி மேட்டில் ஏறி மறைந்தது. பெயர்ப் பட்டியல் ஓடியது. பிறகு வானிலை. சார் மைக்கைத் தள்ளவில்லை, அணைக்கவும் இல்லை. நேயர்களுக்கு நன்றி சொல்லி முடிக்க வேண்டும் என்று வைத்திருந்தார்.

வானிலை அறிவிப்பாளர் தலையாட்டிவிட்டுப் போனார். வழக்கமாக அங்கே படம் அறுந்து புள்ளி புள்ளியாக ஆகிவிடும். அன்று ஆகவில்லை. திரையில் கடல் வந்தது. மணலுக்குப் பதில் கூழாங்கல் நிறைந்த கரை. காற்றில் முடி பறக்க ஒரு பெண் நின்றாள். அவள் பக்கத்தில் கையில் சின்ன வாளியோடு ஒரு குழந்தை.

அது தொடர் இல்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. படம் ஆடியது, வீட்டுக் கேமராவில் எடுத்தது. பிறகு கேமராவைப் பிடித்திருந்தவனின் குரல் தமிழில் கேட்டது: "தாத்தாகிட்ட பேசு, இங்க பாரு." எட்வினின் குரல்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழவாசல், மானம்புச்சாவடி, பூக்காரத் தெரு முழுக்க இது போய்க்கொண்டிருந்தது. என் விரல் டெக்கின் நிறுத்தும் பொத்தான் மேல் இருந்தது. சாரைப் பார்த்தேன். அவர் ஒரு கையை உயர்த்தினார். நிறுத்தாதே என்று அர்த்தம். இன்னொரு கையில் சாக்பீஸ் இருந்தது. சிலேட்டில் ஒன்றும் எழுதவில்லை.

திரையில் அந்தப் பெண் பேச வாயைத் திறந்தாள். எத்தனையோ ஞாயிறுகளாகப் பழகிய பழக்கம், திரையில் ஒரு பெண் வாயைத் திறந்தால் என் வாயும் திறந்துவிடும். அவள் சாரை என்ன சொல்லி அழைத்தாள் என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நான் "வணக்கம் மாமா" என்றேன். சார் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று தொடர்ந்தேன். இத்தனை வருஷத்தில் அவ்வளவு ஆங்கிலம் எனக்கும் வந்திருந்தது. "இவ்வளவு நாள் உங்களைப் பாக்க முடியலைன்னு எங்களுக்கு ரொம்ப வருத்தம். இவ உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கா. நீங்களே அவளுக்குப் பதில் சொல்லுங்க."

கேமரா கீழே இறங்கியது. குழந்தையின் முகம் திரை முழுக்க வந்தது. மாநிறம், சுருட்டை முடி, மூக்கு நுனியில் ஒரு சிவப்பு. குழந்தை வாளியைக் கீழே வைத்துவிட்டு, கேமராவுக்குள்ளேயே பார்த்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டது. ஒரு சின்னக் கேள்வி. எனக்குப் புரிந்தது. சாருக்கும் புரிந்திருக்கும். சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். ஆனால் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் கிரேஸ் அம்மாவுக்கு அது புரியாதே.

"தாத்தா, எம்மேல கோவமா?" என்றேன்.

குழந்தைக் குரல் கொடுக்க நான் எந்த முயற்சியும் செய்யவில்லை. அழுகையை அடக்கியதில் அது தானாகவே அப்படி வந்தது.

சார் மைக்கின் பக்கம் குனிந்தார்.

"இல்லடா கண்ணு" என்றார். "உம்மேல யாருக்குக் கோவம் வரும்? தாத்தாதான் முட்டாளு. கோவம் எதுக்குன்னே மறந்துபோச்சு, ஆனா அதை விடத் தெரியல."

படம் அறுந்து புள்ளி புள்ளியாக ஆனது. சார் மைக்கை அணைத்தார். நேயர்களுக்கு நன்றி சொல்லவே இல்லை.

ஃபோன் அடித்தது. எடுத்தேன். கிரேஸ் அம்மா. அழுகை இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரே வார்த்தை: "திரும்பப் போடச் சொல்லு."

சொன்னேன். சார் கேசட்டைப் பின்னால் ஓட்டி, வானிலையிலிருந்து மறுபடி போட்டார். வானிலை முடிந்து கடல் வருகிற இடத்தில் படம் துளிகூடத் துள்ளவில்லை. ரெண்டு டெக்கை வைத்து, நிறுத்திய இடத்திலேயே பிடித்து ஒட்டினால்தான் அப்படி வரும். அப்பா முன்கூட்டிப் பார்க்கமாட்டார் என்று சண்டைக்கு முன் ஃபோனில் பேசிய நாட்களிலிருந்தே அவனுக்குத் தெரியும். வானிலை முடிகிறவரை எழுந்திருக்கமாட்டார் என்றும் தெரியும். சிவப்பு விளக்கு எரியும்போது அப்பாவால் கத்த முடியாது என்பது எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரியும். சுருதி ஐயாவிடம் பாடம் படித்தது நாங்கள் மட்டும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சாரும் அந்த ஒட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சுத்தமா ஒட்டியிருக்கான்" என்றார். அந்தப் பெரிய சண்டைக்குப் பிறகு மகனைப் பற்றி அவர் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது.

மறுபடி ஃபோன். டீக்கடை. "அக்கா, அந்தப் பாப்பா யாரு? அதுதான் பியானோவைத் தூக்குச்சா?"

"இல்லீங்க. அது சார் பேத்தி."

அந்தப் பக்கம் யாரோ கத்தி அறிவிப்பது கேட்டது. ஒரே கூச்சல். பூக்காரத் தெரு தாசில்தார் அழைத்து, கடைசிப் பகுதியை மூன்றாம் முறையும் ஒளிபரப்பினால் அக்கம்பக்கத்தார் மகிழ்வார்கள் என்று அரசாங்கத் தமிழில் வேண்டிக்கொண்டார். போட்டோம். கிரேஸ் அம்மா அதற்குள் செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடந்து வந்து, மாடிப்படி ஏறி, மூச்சிரைக்க எங்கள் மானிட்டரின் முன் நின்றார். "மூக்கைப் பாருங்க" என்றார் சாரிடம். "உங்க மூக்கு. அந்தப் புள்ளைக்குப் போயி உங்க மூக்கைக் குடுத்திருக்கு பாருங்க, பாவம்." அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. சிரிப்பும் அதோடுதான் வந்தது.

சார் மூலை உடைந்த ஃபோனை இழுத்துத் தன் முன்னால் வைத்தார். எண்ணை எங்கும் தேடவில்லை, மனப்பாடமாக அழுத்தினார். அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கே கேட்டது. நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "உக்காரு" என்றார். உட்கார்ந்தேன்.

எடுத்தார்கள். சார் பழக்கத்தில் கைக்குட்டையை எடுத்து ரிசீவரில் சுற்றப் பார்த்தார். கிரேஸ் அம்மா அவர் தோளில் ஒரு குத்து விட்டார்.

"நான்தான்" என்றார் சார்.

எட்வின் அங்கே ஏதோ அவசரமாகக் கேட்டான். பார்த்தீர்களா என்றுதான் கேட்டிருப்பான். வேறு என்ன கேட்கப் போகிறான்?

"பாத்தேன்டா" என்றார் சார். "நான் மட்டுமா பாத்தேன்? உங்கம்மா பாத்தா. கீழவாசல் பாத்துச்சு, மானம்புச்சாவடி பாத்துச்சு. நாளைக்கு டீக்கடைக்குப் போனா ஒவ்வொருத்தனும் எங்கிட்ட, பேத்தி எப்ப சார் வருதுன்னு கேப்பான். நான் என்னடா பதில் சொல்லட்டும்? என்னைக்கு வர்றீங்கன்னு இப்பவே சொல்லு. ஊருக்குச் சொல்லணும்."